அதே ரயில், புது டிக்கெட்

கணினி விளையாட்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கார் பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும்தான். ரயில் ஓட்டுவதற்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது, அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னால் கொஞ்சம் சிரிப்புத்தான் வரும். ஸ்டியரிங் கிடையாது. இடது வலது திருப்ப முடியாது. தண்டவாளம் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். இதில் என்ன சுவாரசியம்?

இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கஹோன் பாஸ் என்று ஒரு மலைப்பாதை. அங்கே ஒரு தடத்தில் 100 அடிக்கு 3 அடி இறக்கம். நூறு பெட்டி சரக்கு வண்டியை அதில் இறக்கும்போது, வேகம் கூடிய பிறகு பிரேக் பிடிப்பவர் தோற்றுப் போவார். இறக்கம் வருவதற்கு முன்பே யோசித்து, டைனமிக் பிரேக்கையும் காற்று பிரேக்கையும் கலந்து பிடிக்கத் தெரிந்தவர்தான் கீழே வந்து சேருவார். ஜெர்மன் ரயில்களில் பி.இஸட்.பி. என்று ஒரு பாதுகாப்பு முறை. எச்சரிக்கை காட்டும் சிக்னலைத் தாண்டியதும் 4 நொடிக்குள் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். மறந்தால் வண்டி தானே அவசர பிரேக் போட்டு நின்றுவிடும். இதையெல்லாம் கற்றுக்கொண்டு, மழையில் வழுக்கும் தண்டவாளத்தில், நேரம் தவறாமல், நடைமேடையில் சரியான இடத்தில் வண்டியை நிறுத்துவதில் ஒரு திருப்தி. அந்தத் திருப்திக்குத்தான் காசு.

ஆக, இந்த விளையாட்டுக்கு வருகிறவர்கள் இயல்பிலேயே பொறுமைசாலிகள். சிவப்பு சிக்னலுக்கு முன்னால் பத்து நிமிடம் சும்மா காத்திருப்பதையும் விளையாட்டு என்று ஏற்றுக்கொள்கிற கூட்டம். அப்பேர்ப்பட்டவர்களே கடுப்பாகிறார்கள் என்றால் விஷயம் சிறியதாக இருக்க முடியாது. அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் ரயில் இல்லை. டிக்கெட். ஒரே ரயிலுக்கு மீண்டும் மீண்டும் வாங்கச் சொல்லும் டிக்கெட்.

வராமலே போன இரண்டாம் பாகம்

கதையை 2001இல் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. உருவாக்கியது இங்கிலாந்தின் குஜு நிறுவனம். மொத்தம் ஆறு பாதைகள். அமெரிக்காவில் இரண்டு, ஜப்பானில் இரண்டு, ஆஸ்திரியாவில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று. இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையில் நீராவி கக்கும் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனை ஓட்டலாம்.

ஆறு பாதைகளை விடப் பெரிய பரிசு ஒன்றும் அந்தக் குறுந்தகட்டிலேயே இருந்தது. பாதையை உருவாக்கும் கருவி. அதை வைத்து உலகம் முழுக்க ரசிகர்கள் தங்கள் ஊர் ரயில்களைத் தாங்களே செய்துகொள்ளத் தொடங்கினார்கள். இந்திய ரசிகர்கள் டபிள்யூ.டி.எம்.2 டீசல் லோகோவைச் செய்தார்கள், இந்தியப் பாதைகளைப் போட்டார்கள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆசைதான் சம்பளம்.

இரண்டாம் பாகம் வருகிறது என்று 2003இல் அறிவிப்பு வந்தது. 2004இல் கைவிடப்பட்டது. மறுபடியும் 2007இல் வேறு குழுவை வைத்து ஒரு புதிய ரயில் விளையாட்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2009 ஜனவரியில் அந்தக் குழுவே, அதாவது ஏசஸ் ஸ்டூடியோவே, மூடப்பட்டது. இரண்டு முறை இலை போட்டு இரண்டு முறையும் சோறு வரவில்லை :)

ஆனால் அந்த ஏமாற்றத்தில் ஒரு நன்மை இருந்தது. புதியது வராததால் பழையது சாகவில்லை. ரசிகர்கள் செய்து வைத்த பாதைகளும் வண்டிகளும் வீணாகவில்லை. பிறகு 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் ஒரு திறமூல மென்பொருளையே எழுதினார்கள். 2001ஆம் ஆண்டு விளையாட்டுக்காகச் செய்த பாதைகள் அதில் இன்றும் ஓடுகின்றன. விலை? ஒன்றுமில்லை.

இரண்டாம் பாகம் வராததுதான் முதல் தலைமுறையின் வருத்தம். அடுத்த தலைமுறைக்கு நேர் எதிரான வருத்தம். இரண்டு, மூன்று, நான்கு என்று பாகங்கள் வந்துகொண்டே இருப்பது!

கடையில் நூற்றுக்கணக்கான பெட்டிகள்

மைக்ரோசாஃப்ட் விட்ட இடத்தை அதே குஜு நிறுவனம் நிரப்பியது. 2007இல் 'ரெயில் சிமுலேட்டர்' வந்தது. வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். அதன் தொடர்ச்சியாக 2009இல் 'ரெயில்வொர்க்ஸ்' ஸ்டீம் கடையில் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் அது 'டிரெயின் சிமுலேட்டர்' ஆகி, பெயரோடு ஆண்டு எண்ணையும் ஒட்டிக்கொண்டது. 2012, 2013, 2014 என்று எண் ஏறிக்கொண்டே போயிற்று. நடத்துகிற நிறுவனம் டவ்டெயில் கேம்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடைசியில் 2022இல் அந்த விளையாட்டின் பெயர் 'டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்' ஆனது.

ஆண்டு எண் மாறினாலும் அங்கே பெரிய கோபம் எழாததற்கு ஒரு காரணம் உண்டு. அடித்தள மென்பொருளின் மேம்பாடுகள் பெரும்பாலும் பழைய வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகவே வந்தன. 2018இல் 64 பிட்டுக்கு மாறியபோதும் அப்படித்தான். பழைய பாதைகள் அப்படியே ஓடின. காசு கேட்டது புதிய பாதைக்கும் புதிய வண்டிக்கும்தான்.

அந்தக் கூடுதல் பாதைகளும் வண்டிகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. எல்லாவற்றையும் முழு விலைக்கு வாங்கினால் பல ஆயிரம் டாலர் ஆகும் என்பது வெளிநாட்டு விளையாட்டுப் பத்திரிகைகளில் செய்தியாகவே வந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் விளையாடுகிறவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பொம்மை ரயில் விற்கும் கடைக்குப் போனால் கடையில் உள்ள எல்லாப் பெட்டியையுமா வாங்குவார்கள்? பிடித்த நாலு பெட்டியை வாங்குவார்கள், அவ்வளவுதான்" என்பது அவர்கள் பக்க வாதம். நியாயமான வாதம். பிடித்ததை மட்டும் வாங்கு, வாங்கியது உன்னுடன் இருக்கும். இந்த ஒப்பந்தம் இருக்கும் வரை விலை அதிகம் என்ற முணுமுணுப்பு இருக்கும், துரோகம் என்ற சொல் வராது.

எண் மட்டும் ஏறுகிறது

அந்தச் சொல் வரத் தொடங்கியது அடுத்த விளையாட்டில். அன்ரியல் என்ஜின் 4ஐ அடித்தளமாக வைத்து டவ்டெயில் உருவாக்கிய 'டிரெயின் சிம் வேர்ல்ட்'. படம் பளிச்சென்று இருக்கும். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து நடைமேடையில் நடக்கலாம். ஆனால் பழைய விளையாட்டில் வாங்கிய ஒரு பாதையும் இங்கே ஓடாது. அடித்தளமே வேறு. சரி, புது வீட்டுக்குப் போனால் புது அலமாரி வாங்கத்தான் வேண்டும் என்று பலர் சமாதானம் செய்துகொண்டார்கள்.

2020 ஆகஸ்டில் 'டிரெயின் சிம் வேர்ல்ட் 2' வந்தது. தனி விலை. 2022இல் 3. 2023இல் 4. 2024இல் 5. 2025இல் 6. கணக்கைப் பாருங்கள். 2022க்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்று.

ஒவ்வொன்றிலும் என்ன புதியது? நேர்மையாகச் சொன்னால், புதியது இல்லாமல் இல்லை. 3இல் மேகமும் இடிமழையும் உயிர்பெற்றன. 4இல் புகைப்படம் எடுக்கும் வசதியும், கணினி வைத்திருப்பவர்கள் தாங்களே பாதை உருவாக்குவதற்கான கருவியும் வந்தன. 5இல் நடத்துநர் வேலையும் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அடித்தளம் அதே அன்ரியல் என்ஜின் 4. முன்பு இலவச மேம்பாடாக வந்திருக்கக்கூடிய விஷயங்கள் இப்போது எண் போட்ட பெட்டியில் வருகின்றனவே என்பதுதான் கேள்வி.

ஓர் உதாரணம் இன்னும் தெளிவாகச் சொல்லும். அமெரிக்காவின் சாண்ட் பேட்ச் கிரேட் என்ற மலைப்பாதை. இந்தத் தொடரின் முதல் பாதையே அதுதான். 2020இல் இரண்டாம் பாகம் வந்தபோது அதனுடன் கொடுக்கப்பட்ட மூன்று பாதைகளில் ஒன்று எது என்றால், அதே சாண்ட் பேட்ச் கிரேட். துடைத்து, மெருகேற்றிக் கொடுத்தார்கள். மூன்றாம் பாகத்தில் லண்டனிலிருந்து கிளம்பும் அதிவேகப் பாதையும் முன்பே விற்ற ஒன்றின் நீட்டிப்புத்தான். முதல் முறை வாங்குகிறவருக்கு இதில் குறையே இல்லை. முதல் நாளிலிருந்து கூட இருப்பவருக்கு? அதே மலை, அதே வளைவு, புது ரசீது.

நிறுவனத்துக்கு நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய பாதைகளை மொத்தமாகக் கைவிட்டுவிடவில்லை. முதல் பாகத்துப் பாதைகளில் பெரும்பாலானவை 'பிரிசர்வ்ட் கலெக்ஷன்' என்ற பெயரில், ஏற்கனவே வாங்கியவர்களுக்குத் தனிக் கட்டணமில்லாமல் இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அடுத்தடுத்த பாகங்களிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. ஆனால் "கொண்டுவருவது" வேறு, "சரிசெய்வது" வேறு. புதிய பாகத்தின் புது வெளிச்சத்தில் பழைய பாதை சில இடங்களில் பொருந்தாமல் நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் சொன்ன பிழை அப்படியே இருக்கும். சிக்னல் பச்சைக்கு மாறவே மாறாது. சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்தால் வண்டி நகராது. வாடிக்கையாளர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கடை வாசலில் அடுத்த எண்ணின் விளம்பரம் மாட்டுகிறார்கள். கோபம் வருமா வராதா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் இலவசம் கேட்கவில்லை. புதிய பாதைக்குக் காசு கொடுக்கத் தயாராகவே இருக்கிறார்கள். கொடுத்த காசுக்கு வாங்கிய பொருள் முடிக்கப்படாமலே இருக்க, அடுத்த பொருளுக்குக் கை நீட்டுகிறார்களே என்பதுதான் எரிச்சல்.

தேயாத பொருளை விற்பவனின் பிரச்சினை

இப்போது கொஞ்சம் வணிகவியல். பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான்.

செருப்பு தேயும். சோப்பு கரையும். விற்றவனிடம் வாடிக்கையாளர் மறுபடி வருவார். ஆனால் கணினி விளையாட்டு தேயாது. பத்து வருடம் ஓட்டினாலும் அந்தத் தண்டவாளம் அப்படியே இருக்கும். அப்படியென்றால் எல்லோருக்கும் ஒருமுறை விற்று முடித்த பிறகு நிறுவனம் எதை விற்றுச் சம்பளம் கொடுக்கும்?

இந்தக் கேள்வியை விளையாட்டுகளுக்கு ரொம்ப முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர், 1991இல் நோபல் பரிசு பெற்றவர். நீடித்து உழைக்கும் பொருளைத் தனியாக விற்பவனைப் பற்றி 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். சாரம் இதுதான்: நீடித்து உழைக்கும் பொருளை விற்பவனுக்கு வெளியே போட்டியாளர் யாரும் இல்லாவிட்டாலும் ஒரு போட்டியாளர் உண்டு. அவன் நேற்று விற்ற பொருள்தான் அந்தப் போட்டியாளர். நாளைக்கு விலை இறங்கும் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டால் இன்றைக்கு வாங்காமல் காத்திருப்பார்கள்.

இதிலிருந்து தப்பிக்க விற்பவனுக்குச் சில வழிகள் உண்டு. ஒன்று, விற்காமல் வாடகைக்கு விடுவது. இன்னொன்று, பொருளின் ஆயுளைக் குறைப்பது. ரயில் விளையாட்டில் ஆயுளை எப்படிக் குறைப்பது? தண்டவாளத்தைத் துருப்பிடிக்க வைக்க முடியாது. ஆனால் எண்ணைக் கூட்டலாம். 4 வந்த நாளில் 3 பழையதாகிவிடுகிறது, அதில் ஒரு திருகுகூட கழன்றிருக்காவிட்டாலும். புதிய பாதைகள் புதிய எண்ணை முன்னிட்டே செய்யப்படும்போது பழைய எண்ணில் உட்கார்ந்திருப்பவர் நடைமேடையில் தனியாக நிற்கிறார்.

சரி, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போகலாமே? போக முடியாது, அதுதான் சிக்கல். ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதை 30 பவுண்டு என்ற கணக்கில் பத்துப் பாதைகள் வாங்கியிருக்கிறார். 300 பவுண்டு. வேறு நிறுவனத்தின் விளையாட்டுக்குப் போனால் அந்தப் பத்தும் அங்கே வராது. பழகிய ஊர்களும், கைக்குப் பழகிய லோகோக்களும் இங்கேயே தங்கிவிடும். இதை மாறுவதற்கான செலவு என்பார்கள். போன காசு போனதுதான், அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று பாடப்புத்தகம் சொல்லும். பாடப்புத்தகத்துக்கு ரயில் ஆசை கிடையாது. 300 பவுண்டைக் காப்பாற்ற இன்னொரு 40 பவுண்டு கொடுப்பதில் தப்பில்லை என்றுதான் மனிதருக்குத் தோன்றும். அடுத்த வருடம் அது 340ஐக் காப்பாற்ற 40 ஆகும்.

பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் பார்க்கும் வியாபாரம் எல்லோருக்கும் தெரியும். அங்கே பிரிண்டர் மலிவு, மை விலை. இங்கே மைக்கும் விலை, வருடத்துக்கு ஒருமுறை பிரிண்டருக்கும் விலை.

மறுபக்கம்

நிறுவனத்தின் நாற்காலியில் உட்கார்ந்தும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒரு பாதையைச் செய்வது சாதாரண வேலை இல்லை. நூறு கிலோமீட்டர் தண்டவாளம், அதன் ஒவ்வொரு சிக்னல், பாயின்ட், பாலம், நிலையம். லோகோவின் சத்தத்தை நிஜ லோகோவிலிருந்து பதிவு செய்ய வேண்டும். ரயில் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். ஸ்டீம் போன்ற கடைகள் வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொள்கின்றன. இவ்வளவு செலவையும் பிரித்துக்கொள்ள வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? கால்பந்து விளையாட்டுக்கு இருக்கும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு சின்னத் தெரு. அந்தத் தெருவிலும் ஜெர்மன் ரயில் பிடித்தவர் அமெரிக்க ரயிலை வாங்க மாட்டார், பிரிட்டிஷ் ரயில் பிடித்தவர் இரண்டையும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பிழை திருத்துவதற்கும் ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் விற்ற பாதையைச் சரிசெய்வதால் இந்த மாதம் பணம் வராது. புதிய எண் பணம் கொண்டுவரும். கடையைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்ற நெருக்கடியில் நிர்வாகம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. ஆக, இது வெறும் பேராசைக் கதை இல்லை. செலவு முழுவதும் முதலில், வரவு ஒருமுறை மட்டும் என்ற தொழிலின் கதை.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. செக் நாட்டின் எஸ்.சி.எஸ். நிறுவனம் 2012இல் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்ற லாரி ஓட்டும் விளையாட்டை வெளியிட்டது. இன்று வரை 3 என்று ஒன்று வரவில்லை. அடித்தள மேம்பாடுகள் இலவசம். வருமானம் எங்கிருந்து? புதிய நிலப்பகுதிகளை விற்று. ஸ்காண்டிநேவியா, இத்தாலி என்று வரைபடம் நீண்டுகொண்டே போகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2012இல் அவசரமாகப் போட்ட ஜெர்மனிச் சாலைகளை அவர்கள் பின்னாளில் திரும்பப் போய்ப் புதிதாகப் போட்டார்கள், இலவசமாக. பழைய வாடிக்கையாளர் ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால் வாங்கிய பொருள் வாங்கிய நாளைவிட நன்றாக இருக்கிறது. அப்படிப்பட்டவர் அடுத்த வரைபடத்தை வாங்கும்போது முணுமுணுப்பாரா?

லாரி விளையாட்டுக்குக் கூட்டம் அதிகம், அதனால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் கூட்டம் முதலா, நம்பிக்கை முதலா என்று கேட்டால் கோழியும் முட்டையும் போலத்தான்.

ஜப்பானில் வேறு ஒரு கதை. டைட்டோ நிறுவனத்தின் 'டென்ஷா தே கோ!' 1996இல் ஆர்கேட் இயந்திரமாக வந்தது. 2, 3 என்று வளர்ந்து 2004இல் 'ஃபைனல்' என்று பெயர் வைத்து முடித்தார்கள். அந்த 'ஃபைனல்' கடைசியாக இருக்கவில்லை. 2017இல் மறுபடி ஆர்கேடுக்கும், 2020இல் வீட்டுக் கருவிகளுக்கும் அந்த ரயில் வந்தது :) ஆனாலும் அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாகமும் ஒரு முழுப் பெட்டி. வாங்கினால் முடிந்தது.

ஆஸ்திரேலியாவின் 'டிரெய்ன்ஸ்' கதை சங்கடமானது. 2001இல் பிரிஸ்பேனின் ஆரன் நிறுவனம் தொடங்கிய தொடர். இன்று நடத்துவது என்3வி கேம்ஸ். அதன் பெரிய செல்வமே ரசிகர்கள் செய்து ஏற்றி வைத்த வண்டிகளும் கட்டடங்களும் பாதைகளும்தான். அவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு உண்டு, வேகமும் குறைவு. தடையில்லாமல் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்'! கணினிகளைப் பராமரிக்கும் செலவு நிறுவனத்துக்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் இரவெல்லாம் கண்விழித்து ஒரு நிலையக் கட்டடத்தை இலவசமாகச் செய்து கொடுத்தவர், அதே கிடங்கிலிருந்து இன்னொரு ரசிகரின் கட்டடத்தை இறக்க வரிசையில் நிற்கும்போது என்ன நினைப்பார்? பின்னாளில் சந்தா முறையும் வந்தது. கோஸ் சொன்ன வாடகை வழி!

உண்மையில் போவது எது?

இவ்வளவு சொன்ன பிறகு, ஒரு விளையாட்டுக்குப் போய் இத்தனை ஆவேசமா என்று கேட்கலாம். இதில் ரயில் ஒரு சாக்குத்தான். காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்குச் சொந்தமா என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி.

2001இல் குறுந்தகடு வாங்கியவர் கையில் ஒரு பொருள் இருந்தது. நிறுவனம் கைவிட்ட பிறகும் அது ஓடியது, ரசிகர்கள் அதற்கு உயிர் கொடுத்தார்கள். இன்று வாங்குகிறவர் கையில் இருப்பது ஓர் அனுமதி மட்டும். கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டமே இயற்றியது. இணையத்தில் இப்படி விற்கும் கடைகள், வாங்குகிறவருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 2025 தொடக்கத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய அளவுக்கு அந்த உண்மை மறைந்து கிடந்தது என்றுதானே அர்த்தம்?

விளையாட்டுக் கருவிகளில் ஓட்டுகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். கணினி வைத்திருப்பவர் ஒரு பிழையைப் பார்த்தால், எங்கோ ஒரு ரசிகர் எழுதிய திருத்தத்தைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். கருவியில் அந்த வசதி இல்லை. நிறுவனம் திருத்தினால் உண்டு, இல்லாவிட்டால் அந்தச் சிக்னல் சிவப்புத்தான்.

வாங்குகிறவர்களின் கையிலும் ஒரு பிரேக் இருக்கிறது. முன்பதிவு செய்யாமல் ஒரு மாதம் பொறுப்பது. வந்த அன்றே வாங்காமல், பிழைகள் எவ்வளவு, பழைய பாதைகள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு வாங்குவது. கோஸ் சொன்னது இங்கே அவர்களுக்குச் சாதகமாக வேலை செய்யும். காத்திருக்கத் தெரிந்த வாடிக்கையாளர்தான் விற்பவனுக்குச் சவால். சிவப்பு சிக்னலில் பத்து நிமிடம் நிற்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பொறுமை வராதா என்ன?

நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டியது கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு நிறுவனம் தானே சம்பாதித்துக்கொண்ட நற்பெயரை, குட்வில்லை, சொத்தாகக் கணக்கில் காட்டக் கூடாது என்பது கணக்கியல் விதி. வேறொருவர் நிறுவனத்தை விலைக்கு வாங்கும்போதுதான் அதற்கு ஒரு தொகை எழுதப்படும். இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கணக்கில் ஏறாத சொத்து குறைந்தாலும் கணக்கில் தெரியாது. புதிய எண் வெளியான ஆண்டில் விற்பனை வரவு பளிச்சென்று தெரியும். அதே ஆண்டில் பத்து வருட வாடிக்கையாளர் ஒருவர், சண்டை போடாமல், கடிதம் எழுதாமல், அமைதியாக விலகிப் போனது எந்தப் பக்கத்திலும் தெரியாது. கோபப்படுகிறவர் இன்னும் வாடிக்கையாளர்தான். நடைமேடையில் நின்று கத்துகிறவர் அடுத்த வண்டிக்காவது வருவார். சத்தமில்லாமல் வெளியே போனவர் திரும்ப வரமாட்டார்.